அப்பா ஏன் கூடப் போகவில்லை?

அன்புள்ள கவின்,

போன ஞாயிறு நீ ஒரு படம் அனுப்பினாய். கண்ணையும் கையையும் கட்டிய ஒரு பாலஸ்தீனப் பையன், இரண்டு பக்கமும் சிப்பாய்கள். "என் வயசுதான் இருக்கும் மாமா. அவங்க அப்பா ஏன் கூடப் போகலை?" என்று கேட்டாய். பேருந்தில் நின்றுகொண்டிருந்ததால் ஒரு வரிகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவை வரவிடமாட்டார்கள் என்பதுதான் பதில். ஏன் என்று சொல்ல, இஸ்ரேல் இராணுவத்தின் பிடியில் உள்ள மேற்குக் கரையில் ஓர் இரவிலிருந்து தொடங்க வேண்டும்.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே ஊரே தூங்கும் நேரத்தில்தான் இராணுவம் பெரும்பாலும் வருகிறது. கதவு இடிபடும். தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் எழுந்து நிற்க, பையனின் பெயரைக் கேட்பார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள், எதற்காக என்று பல வீடுகளில் சொல்வதே இல்லை. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டேக்கைப் பார்த்திருப்பாய். இழுத்தால் இறுகும், தளராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வகை டேக்கால்தான் கையைக் கட்டுகிறார்கள். மணிக்கட்டு வீங்கி அறுபடுகிறது என்று புகார்கள் வந்தபின், 2010இல் இராணுவமே ஒரு விதி வகுத்தது: கைக்கு ஒன்றாக இரண்டு, அவற்றை இணைக்க ஒன்று, தோலுக்கும் டேக்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அந்த விதிக்குப் பிறகும் ஒற்றை டேக்கில் இறுக்கிக் கட்டப்பட்டதாகச் சொன்ன சிறுவர்கள் ஏராளம். ஜீப்பின் தரையில் உட்காரவைத்தோ படுக்கவைத்தோ கொண்டுபோனார்கள் என்றும் சொல்கிறார்கள்.

விசாரணை அதிகாரியின் முன் வந்து சேரும்போது அவன் தூங்கி, சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்தில் பெற்றோர் இல்லை, வக்கீலும் இல்லை. அதட்டல், சில நேரம் அடி, வீட்டாரை என்ன செய்வோம் என்ற மிரட்டல், ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசைவார்த்தை. கடைசியில் ஒரு காகிதம் நீட்டப்படும். பலருக்கு அது ஹீப்ரு மொழியில் இருந்திருக்கிறது. பையனுக்குத் தெரிந்ததோ அரபு. கையெழுத்துப் போடுகிறான். என்னைக் கேட்டால், அந்தக் கையெழுத்து வீட்டுக் கதவை இடித்தபோதே பாதி வாங்கப்பட்டுவிட்டது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2013இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் இதை ஆராய்ந்து, இந்தக் கொடுமை பரவலாகவும் முறைப்படுத்தப்பட்டதாகவும் தெரிகிறது என்று எழுதியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 12 முதல் 17 வயது வரையான சுமார் 7,000 பேர் பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள் என்பது அதன் கணக்கு. சராசரியாக நாளுக்கு இரண்டு பிள்ளைகள்.

நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மேற்குக் கரைக் குன்றுகளில் மேலே யூதக் குடியேற்றமும் கீழே பாலஸ்தீன ஊரும் இருப்பது சாதாரணக் காட்சி. இரண்டு இடத்திலும் 16 வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே குற்றத்தில் பிடிபட்டால், மேலே இருப்பவனுக்கு இஸ்ரேலின் சிறார் சட்டம். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். கீழே இருப்பவனுக்கு 1967இல் அந்த நிலத்தைப் பிடித்த இராணுவத்தின் ஆணைகள். கெடு 96 மணி நேரம். அவன் போய் நிற்பது இராணுவ நீதிமன்றம்.

இந்தப் பிள்ளைகள்மீது பெரும்பாலும் சுமத்தப்படும் குற்றமான கல்லெறிதல் விளையாட்டல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் ஹெப்ரான் அருகே கார்மீது எறிந்த கல்லால் ஒரு தந்தையும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் துயரமும் துயரம்தான். அதற்காக, தூக்கத்திலிருந்து இழுத்துவந்த ஒரு பிள்ளையின் கையெழுத்து உண்மையாகிவிடாது.

வழக்கு நடத்தி வெல்லலாமே என்று நீ கேட்கலாம். பிணை கிடைப்பது அரிது. வழக்காடினால், கிடைக்கப்போகும் தண்டனையைவிட அதிக நாள் உள்ளே கிடக்க நேரும். குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதங்களில் வெளியே வருவதுதான் மேல் என்று வக்கீல்களே சொல்ல வேண்டிய நிலை. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெட்செலம் கணக்கெடுத்தது: 2005 முதல் 2010 வரை கல்லெறிந்ததாக இராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்ட சிறார்கள் 835 பேர். விடுதலையானவன் ஒருவன். அந்தக் கணக்கை எடுத்தவர்கள் இஸ்ரேலியர்கள் என்பதை மறந்துவிடாதே.

திருத்தங்கள் வந்தன. 2009இல் சிறாருக்குத் தனி இராணுவ நீதிமன்றம் ஏற்பட்டது. 2014இல், சிறாரிடம் நடத்தும் விசாரணையை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. படித்ததும் மகிழ்ந்தேன். அடுத்த வரியில் பாதுகாப்புக் குற்றங்களுக்கு விலக்கு என்று இருந்தது. கல்லெறிவது பாதுகாப்புக் குற்றம்.

இனி உன் கேள்வி. ஜீப் கிளம்பியபின் பல அப்பாக்கள் மகனை அடுத்துப் பார்த்தது ரமல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒஃபர் இராணுவ நீதிமன்றத்தில், காலில் சங்கிலியோடு. பிறகு சிறை. பல சிறைகள் இஸ்ரேலுக்குள் இருக்கின்றன. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தின் மக்களை வெளியே கொண்டுபோய் அடைக்கக் கூடாது என்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்லியும். போய்ப் பார்க்க அப்பாவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் அந்தச் சந்திப்புகளையும் நிறுத்தினார்கள்.

2025 மார்ச்சில், இஸ்ரேலுக்குள் உள்ள மெகிதோ சிறையில் 17 வயதுப் பாலஸ்தீனப் பையன் ஒருவன் இறந்தான். ஆறு மாதம் உள்ளே இருந்தான். இறக்கும்வரை அவன்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை.

அன்புடன்,
மாமா