பருவந்தோறும் மரங்களைப் படமெடுத்து வைத்தல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகளில் மா, புளி, வேம்பு, புங்கம், பனை ஆகிய மரங்கள் தோட்டங்களிலும், வரப்போரங்களிலும், கிணற்று மேட்டிலும் பரவலாக உள்ளன. ஆனால் பயிருக்குச் செய்யும் கவனிப்பில் கால் பங்குகூட இம்மரங்களுக்குக் கிடைப்பதில்லை. மரவள்ளிக்குக் குச்சி நட்ட தேதி நமக்கு நினைவில் இருக்கும். நிலக்கடலை விதைத்த தேதியும் நினைவில் இருக்கும். கிணற்றடி மாமரம் சென்ற ஆண்டு எந்த வாரத்தில் பூ எடுத்தது என்று கேட்டால், வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள்.

இன்று பெரும்பாலான உழவர் வீடுகளில் படம் எடுக்கக்கூடிய கைபேசி ஒன்றாவது இருக்கிறது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் பயன்படும் அக்கருவியை மரங்களின் பருவத்தை அறிந்துகொள்ளவும் பயன்படுத்தலாம். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் போதும்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வாழப்பாடிப் பக்கம் எங்கள் குடும்பத் தோட்டத்தில் பெங்களூரா மாமரங்கள் 18 உள்ளன. 2021ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் பெருமழை பெய்தது நினைவிருக்கும். அடுத்து வந்த பொங்கலுக்கு முன், "எப்பவும் இந்நேரம் பூ வந்திருக்கும், மருந்து அடிச்சிரலாமா?" என்று என் தகப்பனார் கேட்டார். மரத்தை அண்ணாந்து பாராமல் நானும் சரி என்றேன். வழக்கமான காலம் அதுதானே என்ற எண்ணம்தான் காரணம். தெளித்த மருந்து முழுவதும் செம்பு நிறத் தளிர்களின் மேல் விழுந்தது. பூ மாசியில்தான் வந்தது. அப்போது மறுபடி தெளிக்கக் கையில் பணமும் இல்லை, ஆளும் கிடைக்கவில்லை. தத்துப்பூச்சி பெருகி, அது வெளியிட்ட தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலைகள் கரி பூசியதுபோல் ஆயின. காய் சொல்லிக்கொள்ளும்படி பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கைபேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, 2020ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று காளையை மாமரத்தடியில் நிறுத்தி எடுத்த படம் கண்ணில் பட்டது. காளையின் கொம்புக்கு மேலே கிளை முழுவதும் பூங்கொத்து. 2022ஆம் ஆண்டு அதே நாளில், அதே இடத்தில், அதே காளையுடன் எடுத்த படத்தில் கிளை முழுவதும் தளிர். மருந்து அடித்து ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில் எடுத்த படம் அது. எங்களில் ஒருவரும் கிளையைப் பார்க்கவில்லை, காளையைத்தான் பார்த்தோம்.

நடந்ததன் காரணம் எளியதுதான். மாமரம் பூ எடுக்கக் கிளை நுனிகள் முற்றியிருக்க வேண்டும். மழை நின்று வறட்சியும், இரவில் குளிர்ச்சியும் சில வாரங்கள் நீடிக்க வேண்டும். கார்த்திகை வரை மழை இழுத்துக்கொண்டே போனால் மரம் பூவிற்குப் பதிலாகத் தளிர் விடுகிறது. அத்தளிர் முற்றும்வரை பூ தள்ளிப்போகும், அல்லது அவ்வாண்டு அக்கிளையில் வராமலே போகும். ஆகவே தெளிப்பு நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிட, மரத்தைப் பார்த்து முடிவு செய்வதே பொருந்தும்.

படம் எடுக்கும் முறை

ஒரு முறை எடுத்த படம் வெறும் படந்தான். அதே மரத்தை, அதே இடத்தில் நின்று, அதே அளவில், திரும்பத் திரும்ப எடுத்தால்தான் அது கணக்காகிறது. எனவே எல்லா மரங்களையும் எடுக்க முற்படாமல், வகைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தல் நலம். நோஞ்சான் மரமும் வேண்டாம், தோட்டத்திலேயே சிறந்த மரமும் வேண்டாம். நடுத்தரமான மரமே மற்ற மரங்களுக்கும் அடையாளமாக அமையும்.

மரத்திற்குக் கிழக்கே, முழு மரமும் திரையில் அடங்கும் தூரத்தில் ஓர் எல்லைக்கல்லையோ செங்கல்லையோ பதித்துவிடவும். ஒவ்வொரு முறையும் அக்கல்லின் மேல் நின்று எடுக்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் எடுத்தால் வெயில் நமது முதுகுப் பக்கம் இருந்து மரத்தின் மேல் நேராக விழும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கிலும் ஆனி, ஆடியில் வடகிழக்கிலும் உதிப்பதால் நிழல் விழும் பக்கம் சிறிது மாறும். அதற்காகக் கல்லை மாற்ற வேண்டியதில்லை. படத்தில் மோட்டார் கொட்டகைச் சுவர், மின்கம்பம் போன்று நகராத பொருள் ஒன்று ஓரத்தில் தெரியும்படி பார்த்துக்கொள்ளவும். மரம் வளர்ந்ததும், கிளை குறைந்ததும் அதை ஒப்பிட்டே தெரியவரும்.

ஒரு மரத்திற்கு மூன்று படங்கள் போதுமானவை. முதலாவது முழு மரம். இரண்டாவது, கைக்கெட்டும் உயரத்தில் உள்ள ஒரு கிளை. அக்கிளையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்தால் அடுத்த வாரம் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, அக்கிளையின் நுனி, மிக அருகில். நுனியைப் படம் எடுக்கும்போது பின்புறம் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டால் கைபேசி தூரத்து வானத்தைக் கூர்மையாக்காமல் நுனியையே கூர்மையாக்கும். பக்கத்தில் தீப்பெட்டி ஒன்றைப் பிடித்தால் அளவும் தெரியும். பூச்சியோ பூசணமோ இருந்தால் பூதக்கண்ணாடியைக் கைபேசியின் கண்ணுக்கு முன் வைத்து எடுத்துப் பாருங்கள், நன்றாகவே விழும்.

புதிதாக எடுப்பவர்கள் செய்யும் தவறுகள் மூன்று உண்டு. கண்ணாடியைத் துடைக்காமல் எடுப்பது முதல் தவறு. வியர்வைக் கை பட்ட கண்ணாடி எல்லாவற்றையும் பனி மூட்டமாக்கிவிடும். வேட்டி நுனியால் ஒரு துடைப்பு துடைத்தால் சரியாகும். அடுத்து, திரையில் விரல்களை விரித்துத் தூரத்துக் கிளையைப் பெரிதாக்குவது. பெரும்பாலான கைபேசிகளில் படம் மங்குமே தவிர விவரம் கூடாது, நாம் நடந்து அருகில் போவதே மேல். மூன்றாவது, வெண்மையான வானத்தை எதிரே வைத்து எடுப்பது. மரம் கரிக்கட்டையாக விழும். திரையில் மரத்தின் இருண்ட பகுதியை ஒரு முறை விரலால் தொட்டால் கைபேசி அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். முகத்தை அழகாக்கும் வசதிகளை நிறுத்தி வைக்கவும். மரத்தின் பச்சை உண்மையான பச்சையாகவே இருக்க வேண்டும். வீட்டில் பழைய டிஜிட்டல் கேமரா இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அதில் தேதி சரியாக உள்ளதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவும்.

படத்துடன் ஒரு நோட்டுப் புத்தகமும் தேவை. தேதி, அந்த வாரம் பெய்த மழை, பிறகு தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என்ற ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை, கொஞ்சம், நிறைய" என்பதில் ஒன்றை எழுதினால் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

எதைக் கவனிப்பது

மாமரத்தை மார்கழி முதல் பங்குனி வரை வாரம் ஒரு முறையும், மற்ற மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறையும் எடுக்கலாம். நுனி மொட்டு உப்பும்போது கவனம் தேவை. ஒல்லியாக, கூராக இருந்தால் பெரும்பாலும் அது தளிர் மொட்டு. தடித்து உருண்டிருந்தால் பூ மொட்டு. முதல் வாரம் ஐயமாக இருந்தாலும் அடுத்த வாரப் படத்துடன் ஒப்பிட்டால் தெளிவாகிவிடும். பூங்கொத்து வெளிவரத் தொடங்கும் தருணமே தத்துப்பூச்சியையும் சாம்பல் நோயையும் தேடிப் பார்க்க வேண்டிய தருணம். சாம்பல் நோய் தென்பட்டால் நனையும் கந்தகத்தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம். உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் பூ கருகும். பூ முழுவதும் விரிந்த நிலையில் பூச்சி மருந்து தெளித்தல் கூடாது. மகரந்தத்தைச் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடிந்துவிட்டால் காய் எப்படிப் பிடிக்கும்? பூ மொட்டு நிலையிலா, விரிந்த நிலையிலா, பட்டாணி அளவுக் காயாகிவிட்டதா என்று அண்ணாந்து பார்த்துக் குழம்புவதைவிடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எளிது.

தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. குத்தகை பேச வருபவர் பல தோப்புகளைப் பார்த்தவர், அவருக்கு மனக்கணக்கு உண்டு. நம்மிடம் சென்ற மூன்று ஆண்டுப் படங்கள் இருந்தால், "இந்த வருஷம் பூ கம்மிதானுங்க" என்று அவர் சொல்லும்போது எடுத்துக் காட்டலாம். உண்மையிலேயே குறைவாக இருந்தால் நாமும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது வேம்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தை, மாசியில் வேம்பின் இலைகள் பழுத்து உதிர்வதும், மாசி, பங்குனியில் செந்தளிர் விடுவதும், சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூ கிடைப்பதும், ஆனி, ஆடியில் பழம் உதிர்வதும் நாம் அறிந்ததே. இலை உதிர்ந்த மரத்தைக் கண்டு பட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். ஆனால் நுனிக் கருகல் என்னும் நோய் வேறு. மழைக்காலத்தில் தொடங்கிப் பின்பனி வரை கிளை நுனிகள் பழுப்பாகிக் காயும். இலை பழுத்து உதிராமல், காய்ந்த நிலையிலேயே கிளையில் தொங்கும். போமாப்சிஸ் என்ற பூசணம் இதற்குக் காரணம். தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் வேம்பின் நுனிகளை இதே போல் கருகச் செய்யும். பங்குனியில் புதுத் தளிர் வந்ததும் மரம் பிழைத்துவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். மறு மழையில் மீண்டும் கருகும். ஆண்டுக்கு ஆண்டு மரத்தின் தலைக்கட்டு சிறுத்துவருகிறதா என்பதை ஒரே கல்லில் நின்று எடுத்த கார்த்திகைப் படங்களை வரிசையாக வைத்துத்தான் அறிய முடியும்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கருகிய மரத்தில் பழம் இராது. 100 லிட்டர் வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்க 5 கிலோ பருப்பு வேண்டும். கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தவர்களுக்கு மருந்துச் செலவு குறைகிறது. பழம் உதிரும் வாரம் படங்களின் மூலம் தெரிந்திருந்தால், ஆள் வைத்துப் பொறுக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொட்டை இதற்கு உதவாது.

புளி வைகாசி முதல் பூ எடுத்தாலும் பழம் உலுக்குவது தை முதல் பங்குனி வரைதான். ஐப்பசியில் பிஞ்சுகளைப் படம் எடுத்து வைத்தால் ஒரு விட்டு ஒரு ஆண்டு காய்ப்பு எப்படி என்பது நாளடைவில் புலப்படும். சாலைகளை அகலப்படுத்தியதில் எத்தனையோ பெரிய புளிய மரங்கள் போய்விட்டன. அவற்றின் படம்கூட நம்மிடம் இல்லை. புங்கத்தில் இலை உதிரும் நாளையும் தளிர் முற்றும் நாளையும் குறித்துக்கொண்டால் தழை உரத்திற்கு வெட்டும் காலத்தைத் திட்டமிடலாம்.

மற்ற நாடுகளில்

மரங்களின் பருவத்தைக் குறித்து வைப்பது புதிதன்று. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736ஆம் ஆண்டு முதல் மரங்கள் தளிர்க்கும் தேதிகளை எழுதிவந்தார். அவருக்குப் பின் அவரது குடும்பத்தார் 1958 வரை எழுதினர். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த தேதிகள் சுமார் 1,200 ஆண்டுகளாகக் குறிப்புகளில் கிடைக்கின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி அங்கு முழுப் பூப்பு வந்தது. அதற்கு முன் பதிவான எந்த ஆண்டிலும் அவ்வளவு முன்னதாக வந்ததில்லை. தட்பவெப்பம் மாறிவருவதற்கு உலகத்தார் காட்டும் சான்றுகளில் இவையும் சேர்ந்துள்ளன. எழுதியவர்கள் அதை எண்ணி எழுதவில்லை.

நம் நாட்டில் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் தங்கள் ஊர் மரங்களை வாரந்தோறும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். மா, புளி, வேம்பு, புங்கம், கொன்றை எல்லாம் அதில் உண்டு. கேரளத்திலிருந்து அதிகமான பதிவுகள் வந்துள்ளன. விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை அதற்கு முன்னதாகவே பூக்கும் செய்தி அவற்றில் ஒன்று. நம் மாவட்டத்து உழவர்களும் இதில் சேரலாம். சேராவிட்டாலும் நோட்டுப் புத்தகம் நம்முடையதுதான்.

பயிர் மருத்துவத்திற்காகச் சந்தியூரிலோ நாமக்கல்லிலோ உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திற்குப் படம் அனுப்பும்போது, கருகிய இலையை மட்டும் அனுப்பாமல் முழு மரம், கிளை, நுனி ஆகிய மூன்றையும், ஒரு மாதத்திற்கு முன் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பவும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியின் விவரமும் அதிலிருந்து நீங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் இரண்டும் அப்படியே போய்ச் சேரும். புயல் காற்றில் மரம் சாய்ந்து அதிகாரிகள் கணக்கெடுக்க வரும்போதும், சாய்வதற்கு முன் தேதியுடன் எடுத்த படம் கையில் இருப்பது உதவும்.

கைபேசி கிணற்றில் விழலாம், பழுதாகலாம், பேரன் கையில் கிடைத்து எல்லாம் அழியலாம். ஆகவே ஆறு மாதத்திற்கு ஒரு முறை படங்களை மெமரி கார்டிலோ கணினியிலோ பிரதி எடுத்து, மரத்தின் பெயரும் ஆண்டும் எழுதிய தனித்தனி உறையாக வைக்கவும். 'கிணற்றடி மா 2022', 'வாசல் வேம்பு 2022' என்று பெயரிட்டால் போதும். எங்கள் வீட்டில் தகப்பனார் இப்போது தைப் பிறப்புக்கு முன் மருந்துக் கடைக்குப் போவதில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, கைபேசியை என்னிடம் நீட்டி, கிணற்றடி மாவின் சென்ற வாரப் படத்தைக் காட்டச் சொல்கிறார்.