சலவைக்கு உதவும் காடி

ஊறுகாய்க்கும், பச்சை மிளகாய் ஊறவைப்பதற்கும் என்று நாம் வாங்கிவைக்கும் காடி, துணி துவைப்பதற்கும் வீட்டைத் துப்புரவு செய்வதற்கும் பயன்படும் என்பதை நம் தாய்மார்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பர். ஆயினும், அஃது எங்கே உதவும், எங்கே உதவாது, எங்கே ஊறு விளைக்கும் என்பதைப் பிரித்தறிந்தோர் சிலரே. ஆதலின், மாணவர்களும் பெற்றோர்களும் ஒருங்கே படிக்குமாறு இக்கட்டுரையை வரைகின்றேன்.

காடி என்பது நல்ல தமிழ்ச்சொல். நம் நாட்டில் அதனை மலாய்மொழி வழக்கைப் பின்பற்றிச் 'சுக்கா' என்றே பெரும்பாலோர் கூறுகின்றனர். தென்னங்கள்ளைச் சில நாள்கள் திறந்து வைத்தால் அது கடும்புளிப்பாக மாறிவிடும் என்பதை நம் பாட்டனார் காலத்தவர் நன்கு அறிவர். கள்ளிலுள்ள சர்க்கரை முதலில் மதுவாகின்றது. பின்னர்க் காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு நுண்ணுயிர்கள் அம்மதுவை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860ஆம் ஆண்டுகளில் இதனை ஆராய்ந்து விளக்கினார். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நிறமற்ற காடி, பெரும்பாலும் அவ்வமிலத்தை நீர்விட்டுத் தணித்துச் செய்யப்படுவதே. அதில் 100 மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் அமிலமே உண்டு. சலவைக்கு அதுவே போதும். நிறமுள்ள காடி வெள்ளைத் துணியிற் கறைபடுத்தக்கூடும் என்பதால் அதனை வாங்க வேண்டா.

காடியின் செயலை அறிய, மாணவர்களே, முதலில் ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் அது செந்நிறம் பெறுகின்றதன்றோ? மஞ்சள், காரத்தோடு சேர்ந்தாற் சிவக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம். சவர்க்காரமும் காரத்தன்மை உடையதே. அதன் பெயரிலேயே காரம் இருக்கின்றது. காடியோ அமிலம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணிக்கும் என்னும் இவ்வொரு விதியைப் புரிந்துகொண்டால், இக்கட்டுரையின் பெரும்பகுதி தானே விளங்கிவிடும்.

பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டையிற் குழம்பு சிந்திவிட்டால், அம்மா அதில் சவர்க்காரம் தேய்த்தவுடன் கறை செம்பழுப்பாக மாறுகின்றது. கறை முற்றிவிட்டதென்று அஞ்சிச் சிலர் வெளுப்பு மருந்தை எடுத்து ஊற்றுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. அது ஆரத்தி நீரில் நிகழ்ந்த மாற்றமே. சவர்க்காரம் முழுதும் போகுமாறு நன்றாக அலசினால் கறை மீண்டும் மஞ்சளாகும். பின்னர் ஈரத்துடனேயே நல்ல வெயிலிற் காயவிட்டால் மஞ்சளின் நிறம் சிறிது சிறிதாக மங்கிவிடும். காடி இங்கே நிறத்தை மாற்றுமேயன்றிக் கறையை நீக்காது. வெயிலைவிட மலிவான மருந்து இதற்கு வேறில்லை. (2021 முதல் காலணி கறுப்பாகிவிட்டமையால் வெள்ளைப் பூச்சுப் பூசும் தொல்லையேனும் ஒழிந்தது. சட்டைதான் இன்னும் வெள்ளையாக இருக்கின்றது.)

காடி உண்மையாகவே உதவுவது கடைசி அலசலில் ஆகும். சவர்க்காரமும் சலவைத்தூளும் துணியில் எஞ்சி நின்றால், துணி நாளடைவில் விறைத்துச் சாம்பல் நிறம் கொள்ளும். துண்டு முகத்தைத் துடைக்கையில் உறுத்தும். சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் துவைப்போர்க்கு இத்தொல்லை மிகுதி. சவர்க்காரம் அந்நீரிலுள்ள சுண்ணாம்போடு கூடிக் கரையாத படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு வழி எளிது. துணியை நல்ல நீரில் இரு முறை அலசியபின், ஒரு வாளி நீரில், அதாவது ஏறக்குறைய 10 லீட்டரில், அரைத் தேநீர்க் கோப்பை காடியை, அதாவது 100 மில்லிலீட்டரை, ஊற்றிக் கலக்குங்கள். துணியை அதில் சில நிமிடங்கள் தோய்த்துப் பிழிந்து உலர்த்துங்கள். எஞ்சிய காரம் தணியும். துணி மென்மை பெறும். காயும்போது காடியின் மணமும் காற்றோடு போய்விடும். ஒரு வாளிக்கு 4 அல்லது 5 கிராம் அமிலமே சேர்வதால் பருத்தித் துணிக்குத் தீங்கில்லை.

சவர்க்கார நீரிலேயே காடியை ஊற்றுவது வீண்வேலை. அமிலம் பட்டவுடன் சவர்க்காரம் பிரிந்து கொழுப்பாகத் திரண்டு மிதக்கும். சவர்க்காரமும் கெட்டது, காடியும் கெட்டது என்பதே கண்ட பயன்.

குழந்தையின் அணையாடையில் எழும் நெடி அம்மோனியாவினால் வருவது. அம்மோனியா காரமாதலின் மேற்கூறிய காடி அலசல் அதனை அடக்கும். நீர்க்கெண்டியின் அடியிற் படியும் வெண்படிவைக் காடியும் நீரும் சமமாக ஊற்றிச் சூடாக்கிக் கரைக்கலாம். நம் பாட்டிமார் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கியதும் இதே அறிவுதான். புளியிலும் அமிலம் இருக்கின்றது. துணியிற் பட்ட சிறு துருக்கறையும் காடியில் ஊறினால் ஓரளவு இளகும். ஆனால், பளிங்குக்கல் தரையில் இதனை ஊற்றலாகாது, கல்லே அரிக்கப்படும். அலுமினியப் பாத்திரத்திலும் வைத்திருத்தல் கூடாது. செம்பனைப் பழத்தின் எண்ணெய்க் கறை முதலான பிசுக்குகளுக்குச் சவர்க்காரமே வேண்டும். காடி கொழுப்பைக் கரைக்காது. புதிய பாத்திக் கைலியைக் காடியில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பாரும் உளர். பருத்தித் துணிக்கு அது பொருந்தாது. முதற் சில முறை தனியே துவைப்பதே தக்கது.

இனி, பால்மரம் வெட்டுவோர் இல்லங்களில் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தோட்டங்களிற் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்ட போதிலும், மரம் வெட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ரப்பர்ப் பால் பட்ட சட்டையில் காடியை ஊற்றலாமா? கூடவே கூடாது. பாலிலுள்ள நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தவுடன் அவ்விலக்கம் ஒழிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. தொட்டியிற் பாலை உறையவைத்துத் தகடு செய்வதற்கு அமிலம் ஊற்றுவது இதனாலேயே. எனவே ஈரப்பால் பட்ட துணியில் காடி ஊற்றினால், ரப்பர் நூலிழைக்குள்ளேயே உறைந்து நின்றுவிடும். பால் பட்ட உடனே குளிர்ந்த நீரில் அலசிச் சவர்க்காரமிட்டுக் கசக்குவதே முறை. வெந்நீரும் உதவாது.

அவ்வாறு பாலை உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலத்தையும் மக்கள் 'சுக்கா' என்றே அழைக்கின்றனர். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. சமையற் காடியில் அமிலம் நூற்றில் 4 அல்லது 5 பங்கு. நீர் கலக்காத ரப்பர்ச் சுக்காவிலோ பெரும்பங்கு அமிலமே. தோலிற் பட்டால் வெந்து புண்ணாகும். கண்ணிற் பட்டால் பார்வையே போகக்கூடும். விழுங்கினால் தொண்டையும் வயிறும் வெந்து உயிருக்கே இறுதியாகலாம். இரண்டும் நிறமற்ற நீர்மம். இரண்டும் புளித்த நெடி உடையன. அதனைப் பழைய குளிர்பானப் போத்தலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைப்பது பெருங்கேடு. சலவைக்கு அச்சுக்காவை ஒருபோதும் எடுக்கலாகாது, நீர் கலந்தும் கூடாது. அஃது இருக்க வேண்டிய இடம் வீட்டிற்கு வெளியே, பூட்டிய பெட்டியில், பெயர்ச்சீட்டு ஒட்டிய அதன் சொந்தக் கலத்தில்.

இவ்வளவே ஆபத்தான மற்றொன்று, வெளுப்பு மருந்தோடு காடியைக் கலப்பது. 'குளோரோக்ஸ்' என்று வீடுகளில் வழங்கும் வெளுப்பு நீரில் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை ஏவிய நச்சுவாயு இதுவே. காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தரை தேய்ப்போர் மூச்சுத்திணறி வீழ்வர். ஒருநாள் ஒன்றைப் பயன்படுத்தினால், நிறைய நீர்விட்டு அலசியபின் மற்றொருநாள் மற்றதைப் பயன்படுத்துக. நெடி எழுந்துவிட்டால் அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டு உடனே வெளியே சென்றுவிட வேண்டும்.

ரப்பர்ச் சுக்கா உடலிற் பட்டவர்க்கு, நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுக. விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது; இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து, 999 எண்ணை அழைத்து, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. எது விழுங்கப்பட்டதென மருத்துவர் அறியும்பொருட்டு அந்தப் போத்தலையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.