ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர்

நீங்கள் ஆசைப்படும் பதவி அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் இருப்பவர் உங்களைவிடக் கெட்டிக்காரர். இப்போதைக்கு எழுந்திருக்கும் வயதும் அவருக்கு இல்லை. என்ன செய்வீர்கள்? இருபது ஆண்டு இந்தக் கேள்வியோடே கிரிக்கெட் ஆடியவர் தினேஷ் கார்த்திக்.

2004 செப்டம்பர், லார்ட்ஸ் மைதானம். முதல் ஒருநாள் போட்டியிலேயே இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்தார் அந்த 19 வயதுச் சென்னை விக்கெட் கீப்பர். டிசம்பரில் இன்னொரு விக்கெட் கீப்பராகத் தோனி வந்தார். கையுறை யாருக்கு என்ற பேச்சு கொஞ்ச நாளில் முடிந்துவிட்டது.

புலம்புவதை விடுங்கள், எந்த இடம் காலி என்று பாருங்கள். 2007 இங்கிலாந்துத் தொடரில் தொடக்க ஆட்டக்காரர் தேவைப்பட்டார், கார்த்திக் இறங்கினார். மூன்று டெஸ்டில் 263 ரன், இந்திய அணியில் அவர்தான் முதலிடம். தொடரும் 1-0 என நம் பக்கம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கே போட்டாலும் சமாளிப்பவருக்கு நிரந்தர இடம் கொடுக்க எந்த நிர்வாகமும் அவசரப்படாது. தொடக்கம், நடுவரிசை, ஐந்தாவது, ஏழாவது என்று கார்த்திக்கை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசிக் கணக்கு 26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 டி20. அவர் திறமைக்கு இது குறைச்சல் என்றே சொல்வேன்.

ஆகவே, 'இதற்கு இவரைத்தான் கூப்பிட வேண்டும்' என்று சொல்லும்படி ஒரு வேலையைப் பிடியுங்கள். கார்த்திக் பிடித்தது கடைசி ஓவர்களை. 2018 மார்ச், கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதியாட்டம். தனக்கு முன்னால் விஜய் சங்கரை அனுப்பியதில் அவருக்கு வருத்தம். கேப்டன் ரோஹித்தே அதைப் பிறகு சொன்னார். வருத்தத்தோடு இறங்கியவர் முன் 12 பந்தில் 34 ரன் பாக்கி. எட்டே பந்தில் 29 அடித்தார். ஐந்து ரன் தேவைப்பட்ட கடைசிப் பந்து சிக்ஸர்.

2021இல் அவர் இங்கிலாந்தில் வர்ணனையாளராக மைக் பிடித்தபோது, ஆட்டம் முடிந்தது என்று பலர் முடிவுகட்டினார்கள். அவரோ இரண்டாவது தொழிலைக் கற்றுக்கொண்டே முதல் தொழிலுக்கும் பயிற்சி எடுத்தார். 2022 ஐபிஎல்லில் பெங்களூருக்காக 330 ரன், ஸ்ட்ரைக் ரேட் 183. ஜூனில் ராஜ்கோட்டில், 37 வயதில், சர்வதேச டி20இல் முதல் அரைசதம். அந்த வகை ஆட்டத்தில் அவர் அறிமுகமானது 2006இல்!

2022 டி20 உலகக் கோப்பையில் மூன்று இன்னிங்ஸில் 14 ரன்தான். இந்திய அணி மறுபடி அழைக்கவில்லை. 2024 ஜூன் 1, தன் பிறந்தநாளில் ஓய்வை அறிவித்தார். அடுத்த மாதமே பெங்களூர் அணி அவரைப் பேட்டிங் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது.