பயந்த பிள்ளையை யாரிடம் காட்டுவது?

கேள்வி: எங்களுக்கு எண்ணூர் பெரியகுப்பம். கணவர் கடலுக்குப் போகிறவர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அம்மோனியா கசிந்தபோது, ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். அதன்பிறகு அவன் தனியாகத் தூங்குவதில்லை. பினாயில் வாடைக்கே நடுங்குகிறான். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்கிறான், ஸ்கேனில் ஒன்றுமில்லை. டீச்சர் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார். மாமியாரோ, “பைத்தியம்னு பேர் வந்துடும்” என்கிறார். இந்த மருத்துவர்களுக்குச் சங்கம் இருக்கிறதாமே, அதில் உள்ளவரிடம்தான் போக வேண்டுமா?
– ஒரு தாய், எண்ணூர்

பதில்: அம்மா, உங்கள் மகனுக்குப் பைத்தியமில்லை. அந்த இரவு அவன் மனதில் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். காரமான எந்த வாடையும் அவனை அந்த இருட்டுக்கே கொண்டுபோய் விடுகிறது. பயத்தைச் சொல்லத் தெரியாத வயதில் வயிறு பேசும். அவன் நடிக்கவில்லை, வலி நிஜமானது. இவ்வளவு நாள் நீடிப்பதால் நேரில் காட்டியே ஆக வேண்டும். டீச்சர் சொன்னது சரி.

சங்கம் இருக்கிறது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்கான இந்தியச் சங்கம் 1991-இல் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவர்களோடு உளவியலாளர்கள், குழந்தை மருத்துவர்கள், சமூகப் பணியாளர்களும் அதில் உண்டு. பிள்ளையின் மனதை ஒருவர் மட்டும் பார்த்துச் சரிசெய்ய முடியாது என்பதே காரணம். மாநாடு நடத்துவதும் ஆய்விதழ் வெளியிடுவதும் அதன் வேலை. உறுப்பினராவது படிப்பும் அல்ல, உரிமமும் அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது, அவர் மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதைத்தான்.

குழந்தைகளுக்கென்றே தனி உயர்படிப்பு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 2011-இல்தான் தொடங்கியது. அதைப் படித்தவர்கள் இன்னும் குறைவு. அவர்களைத் தேடி நாள் கடத்த வேண்டாம். பொது மனநல மருத்துவரும் பிள்ளைகளைப் பார்க்கப் பயிற்சி பெற்றவரே. உங்களுக்குப் பக்கம் ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்பே பேசத் தோன்றினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இரவும் பகலும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? உங்களிடம் நடந்ததைக் கேட்பார்கள். அவனை வரையவும் விளையாடவும் விட்டு, அந்த இரவை அவனே சொல்ல வைப்பார்கள். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். இத்தகைய பயத்துக்குப் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில். மருந்து எல்லாருக்கும் தேவைப்படாது. பெயர் கெடுமோ என்று மாமியார் அஞ்ச வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது.

வீட்டிலும் சிலவற்றைக் கவனியுங்கள். “ஆம்பளப் புள்ள இதுக்கா பயப்படுவே” என்று யாரும் சொல்ல வேண்டாம். “இனி ஒன்றும் ஆகாது” என்ற பொய் வாக்குறுதியும் வேண்டாம். ஆலைகளுக்கு நடுவே வாழ்கிற பிள்ளையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாடை வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடுவது, எந்தத் தெரு வழியாகப் போவது, யார் அவன் கையைப் பிடிப்பது என்று பேசி வையுங்கள். என்ன செய்வதென்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் அடங்கும். பள்ளியை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். சில நாள் அரைநாளாவது போகட்டும், டீச்சரிடம் பேசுங்கள்.

மனநலத் துறையில் உள்ள என் சகாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாநாட்டு அரங்குகளில் பேசும் அறிவு பெரியகுப்பத்துப் பள்ளிக்கும் வர வேண்டும். அன்றிரவு ஓடியது இந்த ஒரு பிள்ளை மட்டுமல்ல.

அம்மா, நாள் பார்க்காதீர்கள். இந்த வாரமே ஒரு காலை அவனை ஸ்டான்லிக்குக் கூட்டிப் போங்கள். முடிந்தால் அவன் அப்பாவும் உடன் வரட்டும்.