நீட் முடிந்தாலும் மருத்துவ அறிவியல் முடியவில்லை

பெண்ணாடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். நீட் முடிவு வெளியானபின் சான்றிதழ் வாங்க வந்த மாணவி, "இனிமே நோயைப் பத்திப் படிச்சு என்ன சார் பயன்?" என்றாள். அன்று பதில் சொல்லத் திணறினேன். இப்போது யானைக்கால் நோய்ப் பாடத்திலேயே அதற்கு விடை சொல்கிறேன்.

நோயாளிக்கு மருந்து தருபவர் மருத்துவர். நோய்ப்புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு எங்கே பெருகுகிறது, எந்தப் பூச்சிக்கொல்லிக்குப் பழகிவிட்டது என்று கண்டறிபவர் ஆய்வாளர். நம் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வுகளைச் செய்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பும் அங்கே உண்டு.

கரும்பலகையில் நான் எழுதும் பாதை இது:

1. விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடத்தில் இளநிலைப் பட்டம்.
2. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம் போன்ற இடங்களில் முதுநிலை.
3. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. 'நெட்' தேர்வு (நீட் அல்ல). இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்.

பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தொகையைச் சொன்னதும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

ஓர் எச்சரிக்கை: ஐ.ஐ.டி.களின் முதுநிலைச் சேர்க்கைக்கான 'ஜாம்' தேர்வில், உயிரித்தொழில்நுட்பத் தாளில் மேல்நிலை அளவிலான கணிதம், இயற்பியல், வேதியியலும் உண்டு. உயிரியல் மட்டும் போதாது.

ஆசிரிய நண்பர்களே, முடிவு வந்தபின் ஆறுதல் சொல்வதைவிட, பதினொன்றாம் வகுப்பிலேயே இந்தப் பாதையை எழுதிக் காட்டுவோம்.