ஆட்டம் போனால் நான் யார்?

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி வாலிபால் அணியில் இருந்தேன். முழங்கால் காயத்துக்குப் பிறகு களத்தில் இறங்கவே இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் எனக்கென்ன மிச்சம், சார்?
- பெயர் வேண்டாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, ‘நான் ஆட்டக்காரன்’ என்ற நினைப்புதான் விடியற்காலையில் உங்களை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பியது. அதில் தவறில்லை. ‘நான் ஆட்டக்காரன் மட்டுமே’ என்று அது சுருங்கும்போதுதான் சிக்கல். அப்போது ஒரு காயமே ஆளைச் சாய்த்துவிடும். அமெரிக்க உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் சகாக்களும் இந்த அடையாள உணர்வை அளக்க 1993-லேயே ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்த உணர்வு பலமா, பலவீனமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மட்டும் நம்பிப் படிப்பைக் கைவிடாதீர்கள். ரயில்வேயிலும் காவல்துறையிலும் இடங்கள் குறைவு. வயது வரம்பும் உண்டு. அரியர் இருந்தால் முதலில் முடியுங்கள். போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். முழங்கால் பற்றி ஆர்த்தோ டாக்டரிடமும் பிசியோவிடமும் தெளிவாகக் கேளுங்கள்.

ஆட முடியாவிட்டாலும் ஆட்டத்தோடு வாழலாம். உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட்., பயிற்சியாளராக பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ, நடுவர் தேர்வு என வழிகள் பல. கிண்டியில் பொறியியல் படித்த வெங்கட்ராகவன் இந்திய கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார். பிறகு 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்றார்.

இந்த வாரமே உங்கள் உடற்கல்வி இயக்குநரைப் பாருங்கள். ஜூனியர்களுக்குப் பயிற்சி தர அனுமதி கேளுங்கள். மனச்சோர்வு நீடித்தால் தயங்காமல் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.