அக்ரூட் பருப்பில் புழு: தோப்பிலா, கிட்டங்கியிலா?



அக்ரூட் என்கிற வால்நட் இன்று சின்ன மளிகைக் கடையிலும் பாக்கெட்டாகத் தொங்குகிறது. விலை கூடிய சரக்கு. ஒரு புழு கண்ணில் பட்டால் வாடிக்கையாளர் மறுபடி நம் கடைப்படி ஏற மாட்டார். அது எங்கே விழுந்த புழு என்று தெரிந்தால்தான் யாரிடம் நஷ்டம் கேட்பது என்று தெரியும்.

கலிபோர்னியாத் தோப்புகளில் முதல் எதிரி காட்லிங் அந்து. ஆப்பிளைத் துளைக்கும் அதே பூச்சிதான். இளங்காயில் விழுந்தால் காய் உதிர்ந்துவிடும். ஓடு முற்றிய பிறகு விழுகிற புழு, காம்புப் பக்கம் மெத்தென்ற இடத்தில் நுழைந்து பருப்பைத் தின்னும். அந்த ஓட்டை வழியே நேவல் ஆரஞ்சுப் புழுவும் வந்து சேரும். பச்சைத்தோல் வெடிக்காத நல்ல காயில் இதனால் நுழைய முடியாது. ஒரே காயில் பல புழுக்கள் இருக்கும், நூலாம்படையும் கட்டும்.

குளிர்காலத்தில் இது மரத்திலும் தரையிலும் மிஞ்சிய பழைய காய்களுக்குள் பதுங்கும். ஆகவே விவசாயிகள் மரத்தை உலுக்கி மிச்சக் காய்களை உதிர்த்து, அரைத்து அழிக்கிறார்கள். தோல் வெடித்ததும் தாமதிக்காமல் அறுவடை செய்கிறார்கள். பெண் அந்தின் வாசனையைச் செயற்கையாகத் தோப்பெங்கும் பரப்பி, ஆண் அந்தை ஜோடி தெரியாமல் அலைய விடுவதும் உண்டு. மருந்துச் செலவு குறைக்க நல்ல தந்திரம்தான்!

இன்னொன்று தோல் ஈ. இதன் புழு பச்சைத்தோலைத் தின்பதால் ஓட்டில் கருங்கறை படியும், பருப்பும் கறுக்கலாம். கறை கண்டால் உடைத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

காஷ்மீர் சரக்கில் தொல்லை கூன்வண்டு. அதன் புழு பருப்பைத் தின்று காயை உதிர்க்கும். அங்கே மரங்கள் மிக உயரம், மருந்து எட்டாது. விழுந்த காயைப் பொறுக்கி அழிப்பதே முக்கியமான வழி.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சமயத்தில் நாங்கள் அனுப்பிய பருப்பு, புழு என்று திரும்பி வந்தது. டெல்லி பார்ட்டிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினோம். அவர் நேரில் வந்து பெட்டியைப் பார்த்தார். புழு உயிரோடு நெளிந்தது, நூல் புதிதாக இருந்தது. பேசாமல் எங்கள் கிட்டங்கி மூலைக்குப் போய்ப் பழைய முந்திரிச் சாக்கை உதறினார். அந்து பறந்தது. முன்பாதி சாம்பல், பின்பாதி செம்பு நிற இறகு. நஷ்டம் எங்களுடையதே ஆயிற்று. கடிதத்துக்கு மன்னிப்பும் கேட்டோம்.

காய்ந்த புழு, காய்ந்த எச்சம், அரித்துக் கறுத்த பருப்பு என்றால் பெரும்பாலும் தோப்புக் குற்றம். உயிருள்ள புழுவும் புது நூலும் என்றால் பெரும்பாலும் வழியிலோ நம்மிடமோ விழுந்தது.

பழைய சாக்கை அக்ரூட் பக்கத்தில் வைக்காதீர்கள். சிந்திய பருப்பைத் தினமும் கூட்டி வெளியேற்றுங்கள். சந்தேகமான சிறு சரக்கை மைனஸ் 18 டிகிரி பிரீசரில் 4 நாள் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். எடுத்த பிறகு குளிர் முழுதும் போகும்வரை பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம், ஈரம் கோத்துவிடும். விஷப்புகை மாத்திரையைக் கடையில் தொடவே கூடாது. ஆளைக் கொல்லும். அது உரிமம் பெற்றவர் வேலை.

சரக்கு இறங்கும்போதே, கொண்டு வந்தவர் முன்னிலையில், ஒவ்வொரு மூட்டையிலும் 20 காயாவது உடைத்துப் பாருங்கள். கெட்டது எத்தனை என்று பில்லிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.